சாயங்காலம் நாலு பேரைத் தூண்டில் போடக் கடலுக்குக் கூட்டிப்போவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் மாமாவின் ஃபைபர் படகு இருக்கிறது. பக்கத்து விடுதியில் தங்குகிறவர்கள் சாயங்காலம் 4 மணியிலிருந்து 8 மணிவரை தூண்டில் போடக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். உங்களுக்கு மீன் பிடிக்க நன்றாகத் தெரியும், ஆனால் வெளியாட்களை ஏற்றிப் பழக்கமில்லை. எங்கே போவது, என்ன ராடு (தூண்டில் கம்பு) வாங்குவது, எந்த மீன் நிச்சயமாகக் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த மீனும் நிச்சயமில்லை. நிச்சயம் என்று விடுதிக்காரரிடம் வாயைக் கொடுத்துவிட்டால், ஏழரை மணிக்கு வெறும் பெட்டியோடு நிற்கும்போது "இன்னும் அரைமணி நேரம் பார்ப்போமே" என்று நீங்களே சொல்வீர்கள். வம்பெல்லாம் அந்த அரைமணியில்தான் வரும். காசு நேரத்துக்கு, மீனுக்கு இல்லை என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான் 11 வருடமாக முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் கோவளத்துப் பாறை ஓரத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். இதுவரை மீன் கிடைக்கவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்டவர் ஒருவர்தான், அவருக்கும் அன்றைக்கு வேறு எதிலோ கோபம்.

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அதில்தான். நல்ல மீன்பிடிகாரனுக்குத் தண்ணீரில் ஒரு துள்ளல் கண்ணில் பட்டால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும். ஆட்களைக் கூட்டிப்போகிறவன் அன்றைக்கு ராடைத் தொடக்கூடாது. முடிச்சுப் போடலாம், இரை குத்தலாம், சிக்கல் எடுக்கலாம். வீசக்கூடாது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

ஓர் ஆகஸ்ட் மாதம். படகில் நாலு பேர். கரையிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. ஐந்தே முக்கால் மணிக்குப் பாரை மீன் கூட்டம் ஒன்று சூடை மீன் குஞ்சுகளை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. வந்தவர்கள் வீசுவதெல்லாம் பத்தடி குறைவாகவே விழுந்தது. கை அரித்தது, "ஒரே ஒரு வீச்சு" என்று ராடை வாங்கினேன். மீன் மாட்டியது, இரண்டாவது மாட்டியது. கடற்காற்று நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. முதுகில் திடீரென்று சில்லென்று ஒரு காற்று, கூடவே மண்வாசனை. திரும்பிப் பார்த்தால் மேற்கே வானம் மை பூசின மாதிரி. கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்துகொண்டிருந்தன.

நம் கரையில் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ளவேண்டும். மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். 4 மணிக்குப் படகு குதிப்பது அதனால்தான். பொழுது சாய்ந்தபின் அது மெல்ல அடங்கும், இரவில் கரைக்காற்று எடுக்கும். சாதாரண நாளில் இவ்வளவுதான் கதை. ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இடிமழை உள்நாட்டில் உருவாகி மேற்கிலிருந்து சாயங்காலத்தில் வரும். அதன் முன்னால் ஓடிவரும் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, ஆழத்துக்குத் தள்ளும். வந்தவர்கள் எல்லாரும் கிழக்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஒருவர்தான் மேற்கே கரையைப் பார்க்கவேண்டும். கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று காரணமில்லாமல் செத்துப்போனால் தூண்டிலைச் சுருட்டச் சொல்லுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், இன்ஜினோடு மல்லுக்கட்டாமல் உடனே நங்கூரத்தைப் போட்டதுதான். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விட்டால் நங்கூரம் மணலில் பிடித்துக்கொள்ளும். ராடுகளை எல்லாம் படுக்கவைத்தேன். கார்பன் ராடை இடி மின்னலில் நிமிர்த்தி வைத்திருப்பது கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத்தான். நாலு பேரையும் படகின் நடுவில் கீழே உட்காரவைத்தேன். முக்கால் மணி நேரம். ஒரு அம்மா கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் நிறுத்தியபோது மழையும் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் இருக்கும் படகில் நான் வீசியதில்லை.

சட்ட விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிப் படகாகப் பதிவு செய்த படகு, காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றுவதற்கான படகு அல்ல. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். விடுதிக்காரர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். பார்க்கமாட்டார். மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் என்ன அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்த குடும்பத்தினரை ஏற்றிய படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு படகில் எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள். நான் நாலு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை, கூட ஒரு கையாள். ஐந்தாவது ஆள் "ஓரமா உட்கார்ந்துக்கிறேன்" என்றாலும் இல்லைதான். ஊர்ப் பஞ்சாயத்திலும் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் யார் வலை விடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். உங்கள் விருந்தாளி ஒருவர் யாரோ ஒருவரின் வலைமேல் லூரை (போலி இரையை) மாட்டி இழுத்துக் கிழித்தால், அந்தச் சண்டை ஒரு வருடம் ஓடும்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை ஆசையே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கலங்கல் தண்ணீர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. ஆனால் அதுவும் பலருக்குத் தெரியாது, "தடைக்காலத்துல எப்படிப் போறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வருகிற காலம். தலை தூக்கி மூச்சு வாங்குகிற ஆமையைக் கண்டால் இன்ஜினைக் குறைத்துவிடுங்கள். வந்தவர்களுக்கு மீனைவிட அது பெரிய விஷயமாக இருக்கும்.

இப்போது கரையில் செலவழிக்கவேண்டிய அரைமணி நேரம். இதைத் தவறவிட்டால் கடலில் நாலு மணி நேரமும் தவறிப்போகும்.

3.30க்கு வரச்சொல்லுங்கள். முதலில் லைஃப் ஜாக்கெட். நீங்கள் மாட்டிக்கொண்டு நில்லுங்கள், அப்புறம் கொடுங்கள். நம் ஆட்களில் யாரும் போடுவதில்லை என்பதால் உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். நீங்கள் போடாமல் அவர்களைப் போடச் சொன்னால் பத்தாவது நிமிடம் கழற்றி உட்காரும் பலகையில் போட்டுவிடுவார்கள். வாரைக் கட்டிவிட்டு, தோள்பட்டையில் இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் தளர்வு, இன்னொரு முறை கட்டவேண்டும். துப்பட்டா, புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கவேண்டும். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் வாந்தி. "எனக்கு வராது" என்பவர்தான் முதலில் எடுப்பார். அவோமின் மாதிரி மாத்திரை பழக்கமுள்ளவர்கள் ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்கவேண்டும். படகில் ஏறியபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். நான் இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் வைத்திருப்பேன். ஓடுகிற படகைவிட நங்கூரத்தில் நிற்கிற படகுதான் தலையைச் சுற்றவைக்கும். முகம் வெளுத்தவரைப் போன் பார்க்கவிடாதீர்கள், இன்ஜின் புகை அடிக்காத இடத்தில் கரையைப் பார்த்து உட்காரவையுங்கள். அதுவும் கேட்கவில்லையென்றால் திரும்பிவிடுவதுதான் மரியாதை.

மூன்றாவது, வீசக் கற்றுக்கொடுப்பது. மணலில் நிற்கவைத்து, தூண்டில் முள் இல்லாமல் வெறும் ஈயத்தைக் கட்டிக் கொடுங்கள். "பின்னால் யார் என்று திரும்பிப் பார், அப்புறம் வீசு" என்பதை வாயால் சொல்லவையுங்கள், குழந்தைத்தனமாக இருந்தாலும். படகில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் வீசலாம், ஒருவர் அணியத்தில் (படகின் முன்பக்கம்), ஒருவர் பின்பக்கம். நடுவில் இருப்பவர்கள் இரைத்தூண்டிலைக் கீழே விட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

ராடு, ரீல் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். ஏழடி ஸ்பின்னிங் ராடு நாலு, 4000 அளவு ரீல் நாலு, 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), முனையில் ஒரு முழத்துக்குமேல் 40 பவுண்டு நரம்பு (நைலான் தூண்டில் இழை). கொடுவா மீனின் செவுள் தகடு பிளேடு மாதிரி, மெல்லிய நரம்பைச் சீவிவிடும். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற இறுக்கத்தை) நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு நீங்களே வைத்துக்கொடுத்து, அந்தத் திருகைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். புதியவர்கள் மீன் இழுத்ததும் முதலில் அதைத்தான் இறுக்குவார்கள். இரைத்தூண்டிலுக்கு வட்டமுள் வாங்குங்கள். சாதாரண முள்ளில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கவேண்டும், அந்த நேரம் புதியவருக்குப் பிடிபடாது. வட்டமுள்ளில் வெட்டினால்தான் போச்சு. பேசாமல் ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் தானாக வாயோரம் மாட்டும். எல்லா முள்ளிலும் எதிர்முள்ளை (கழன்றுவிடாமல் பிடிக்கிற சின்னக் கொக்கியை) குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் இரண்டு தப்பும், பரவாயில்லை.

ஏன் என்றால், முள் ஒருநாள் ஆள்மேல் மாட்டத்தான் போகிறது. எனக்கு மாட்டியது ஒரு கல்லூரிப் பையனின் கட்டைவிரல் சதையில். நசுக்கின முள்ளாக இருந்ததால் வழியிருந்தது. முள்ளின் வளைவில் ஒரு துண்டு நரம்பை மாட்டி என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். முள்ளின் தண்டை விரலோடு சேர்த்துக் கீழே அழுத்தினேன். அவனிடம் ஊர் எது என்று கேட்டேன். "திருவண்ணாம..." என்பதற்குள் தண்டுக்கு நேராக வெடுக்கென்று ஒரே இழுப்பு. முள் பறந்து கடலில் விழுந்தது, அவன் ஊர்ப்பெயரை முடித்தான். கண்ணருகில், மூட்டில், கழுத்தில் மாட்டினால் இந்த வேலையே கூடாது. தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, முள்ளை அசையாமல் கட்டி, மருத்துவமனை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் டெட்டனஸ் ஊசி போடச் சொல்லுங்கள்.

படகில் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் வேண்டும். டீக்குப் போக மீதி கெளுத்திக்கு. கெளுத்தி முள், திருக்கை வால், ஒரா மீனின் முதுகுமுள் குத்தினால் உயிர்போகிற வலி எடுக்கும். அந்த விஷம் சூட்டில் அடங்கும். பொறுக்கிற சூட்டில் தண்ணீரை ஒரு டப்பாவில் ஊற்றி, உங்கள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, குத்துப்பட்ட கையை அரைமணியிலிருந்து ஒன்றரை மணிவரை முக்கிவைக்கவேண்டும். பிறகு டாக்டரிடம் காட்டவேண்டும். பேத்தை மாட்டினால் உப்புகிற வேடிக்கைக்காகக் கையில் வைத்துப் படம் எடுக்கக் கேட்பார்கள். உடனே தண்ணீரில் விடுங்கள். அதைச் சமைத்தாலும் விஷம் போகாது என்பதையும் சொல்லிவைப்பது நல்லது, எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போக நினைக்கிறவர்கள் உண்டு.

சரி, மீனுக்கு வருவோம். 4 மணிக்கே பெரிய மீனைத் தேடி ஓடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் மணல்தரையில் நங்கூரம் போட்டு, சின்ன முள்ளில் இறால் துண்டு குத்தி, கிழங்கானுக்கு விடவையுங்கள். உள்ளங்கை நீள மீன்தான். ஆனால் கையில் "டுக் டுக்" என்று தட்டும்போது பெரிய கம்பெனி மேனேஜரும் குழந்தை மாதிரி கத்துவார். படகில் எல்லாரும் ஆளுக்கு ஒரு மீன் தொட்டுவிட்டால் பாதிப் பாரம் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கிறதெல்லாம் லாபம்.

ஐந்தரைக்குப் பாறை ஓரம். அங்கே லூர் வீசினால் பாரை, சீலா, சில நாள் செம்பலி. சீலா என்று சொல்லும்போது கவனம். நமக்கு சீலா என்றால் ஊசிப் பல் வைத்த நீள மீன். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து ஆட்களுக்கு சீலா என்றால் வஞ்சிரம், நம் சீலாவை அவர்கள் ஊளி என்பார்கள். "சீலா மாட்டும்" என்று நான் சொன்னதை நம்பி வஞ்சிர வறுவலுக்கு மனைவியிடம் போன் செய்துவிட்ட தூத்துக்குடிக்காரர் ஒருவர், நான் தூக்கிக் காட்டிய மீனைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பல்லுக்கு நூல் முனையில் அரை முழம் கம்பி லீடர் வேண்டும்.

கொடுவாதான் எல்லாரும் கேட்பது. அதற்கு முகத்துவாரம். முட்டுக்காடு வாய் எப்போதும் திறந்திருக்காது. மழைக்குத் திறக்கும், வெயில் காலத்தில் மணல் மூடிக்கொண்டு வரும். திறந்திருக்கும்போது, ஓதம் (கடல் ஏற்றம்) ஏறி முடிந்து தண்ணீர் வெளியே வற்ற ஆரம்பிக்கிற நேரம் பொழுது சாய்வதோடு சேர்ந்துவந்தால் அதுதான் நல்ல சாயங்காலம். உள்ளேயிருந்து மடவைக் குஞ்சும் இறாலும் நீரோட்டத்தோடு இறங்கும், ஓடுகிற தண்ணீருக்கும் நிற்கிற தண்ணீருக்கும் நடுவிலுள்ள வரப்பில் கொடுவா காத்திருக்கும். நம் கரையில் ஓதம் பெரிதாக இல்லை, அமாவாசை, பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் அளவுதான். அஷ்டமி, நவமியில் தண்ணீர் தூங்கும், அந்த நாட்களில் பாறை ஓரமே போதும். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நல்ல சாயங்காலம் தொடர்ந்து மூன்று நாலு நாள்தான் வாய்க்கும். விடுதிக்காரரிடம் அந்தத் தேதிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். தண்ணீர் வேகமாக வெளியேறும்போது படகோடு முகத்துவாரத்தைக் கடக்காதீர்கள். வெளியே போகிற ஓட்டமும் உள்ளே வருகிற அலையும் மோதி, அலை நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும். நான் முகத்துவாரத்துக்கு ஆட்களை மணல்திட்டு வழியாக நடத்தியே கூட்டிப்போகிறேன். கரையிலிருந்தே வீசலாம், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவிடுவதில்லை. உயிரோடு குத்தின மடவைக் குஞ்சு, இல்லையென்றால் விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய மிதக்கும் லூர். அதை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சுற்றவேண்டும்.

சூரியன் நம் கரையில் நிலத்தின் பக்கம் மறைகிறது. ஜூன் கடைசியில் 6.40ஐ ஒட்டி, டிசம்பர் தொடக்கத்தில் 5.40ஐ ஒட்டி. மறைந்தபின் அரைமணியில் முழு இருட்டு. கொடுவா கடிக்கிறதும் அந்த அரைமணிதான். முதலில் வருவது ஒரு சத்தம், "டொப்" என்று, யாரோ தேங்காயைத் தண்ணீரில் போட்ட மாதிரி. அப்போது எல்லாரும் டார்ச் அடிப்பார்கள். விடாதீர்கள். வெள்ளை வெளிச்சம் அடித்தால் மீனும் போகும், உங்கள் கண்ணும் பத்து நிமிடத்துக்கு இருட்டிப்போகும். தலையில் மாட்டுகிற சிவப்பு விளக்கு இரண்டு போதும். மாட்டினதும் மீன் மேலே துள்ளித் தலையை உதறும். அந்த நேரம் ராடின் நுனியைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அவர் கையிலிருந்து ராடைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். உங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மிகப் பெரிய கொடுவாவை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் உங்கள் மாமா சிரிப்பார். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறுகிற மீன். கைக்கு அடங்காத அந்த ஒன்று பெரும்பாலும் சினைத்தாய். அது விற்கிற விலையும் எனக்குத் தெரியும். ஆனால் காசு ஏற்கெனவே நேரத்துக்கு வாங்கிவிட்டோம். படம் எடுத்து, வயிற்றைத் தாங்கித் தண்ணீரில் பிடித்து, வாலை உதறிக்கொண்டு தானாகப் போகும்வரை விடுங்கள். வந்தவர்கள் அடுத்த வருடமும் வருவது அதற்காகத்தான். நடுத்தர மீனுக்கு ஐஸ் பெட்டி இருக்கிறது.

படகில் போன நாட்களில் கரை ஏறுவதுதான் கடைசிச் சோதனை. இருட்டில் அலையடியைத் தாண்டுவது உங்களுக்குப் பழக்கம், அவர்களுக்கு இல்லை. அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்று பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருங்கள். நேரம் ஆகட்டும். ராடுகளில் இருக்கும் முள்ளெல்லாம் கழற்றி டப்பாவில் போட்ட பிறகே உள்ளே விடுங்கள். மணல் தட்டியதும் வீரமாக முன்பக்கம் குதிக்கிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அடுத்த அலை படகை அவர் முட்டிமேல் ஏற்றிவிடும். கரையில் இரண்டு பேரை நிறுத்திவைத்து, அவர்கள் படகைப் பிடித்து மேலே இழுத்து "இறங்குங்க" என்று சொன்னபிறகுதான் யாரும் எழுந்திருக்கவேண்டும். இறங்கினதும் ஆளை எண்ணுங்கள், அப்புறம் ராடை. கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டு எண்ணும் உங்கள் போனில் மட்டுமல்ல, கரையில் நிற்கிற அந்த இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும், 8 மணிக்கு வரவில்லையென்றால் 8.15க்கு அழைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

காசு வாங்குகிற முதல் நாளுக்கு முன்பு இரண்டு சாயங்காலம் உங்கள் வீட்டு ஆட்களையே ஏற்றிப் போய்ப் பாருங்கள். மாமாவுக்கு ஒரு ராடு கொடுங்கள், நீங்கள் தொடாதீர்கள். அவர் மீன் தவறவிடும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் விடுதிக்காரருக்குப் போன் செய்யலாம்.